கல்லுக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது? நெல்லைச் சீமையில் லித்தாப்ஸ் வளர்ப்பு

திருநெல்வேலிச் சீமையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துப் பிழைக்கும் செடிகளுக்குப் பஞ்சமே இல்லை. வேலியோரம் திருகுகள்ளி, பாறை இடுக்கில் சதுரக்கள்ளி, முள்மரத்தடியில் கள்ளிமுளையான், மதிலில் ஏறிக் கிடக்கும் பிரண்டை, பொத்தை அடிவாரம் எங்கும் கற்றாழை. இவற்றை யாரும் வளர்ப்பதில்லை, தானாக வளர்கின்றன. அதனால் சக்குலண்ட் வளர்க்க யாராவது யோசனை கேட்டால் நம்மூர்ப் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். "கள்ளி வளர்க்க என்னடே யோசனை?" என்பார்கள்.

கள்ளிக்கு வேண்டாம்தான். கூழாங்கல் போலவே இருக்கும் லித்தாப்ஸ் செடிக்கு வேண்டும். ஆன்லைனில் வாங்கி, கூரியரில் வந்து, ஒரு மழைக்காலத்தைத் தாண்டாமல் அழுகிப்போகும் செடிகளில் இதற்குத்தான் முதலிடம். இத்தனைக்கும் இது பலவீனமான செடி இல்லை, நாற்பது ஐம்பது ஆண்டுகள்கூட வாழக்கூடியது. அதன் வருஷக் கணக்கு நமக்குப் பிடிபடாததுதான் காரணம். அந்தக் கணக்கை மட்டும் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் சில்லறை வேலை.

முதலில் செடியைப் பார்ப்போம். இரண்டே இலை, நடுவில் ஒரு பிளவு, அவ்வளவுதான். தண்டு இருக்கிறதா என்று தேட வேண்டும். தென்னாப்பிரிக்கா, நமீபியா நாடுகளின் வறண்ட நிலங்களில், கூழாங்கற்களுக்கு நடுவே தரைமட்டத்துக்கு உட்கார்ந்திருக்கும். பழுப்பு, சாம்பல், செம்மண் நிறம் என்று எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தக் கல்லின் நிறத்தை ஒட்டியே இதன் நிறமும் இருக்கும். தண்ணீர் தேடி எதையும் மென்று தின்னும் விலங்குகள் உள்ள இடத்தில் கண்ணில் படாமல் இருப்பதே பிழைப்பு. 1811-இல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயப் பயணி பிரீஸ்கா என்ற ஊருக்குப் பக்கத்தில், விநோதமான கூழாங்கல் என்று நினைத்துத் தரையிலிருந்து ஒன்றை எடுக்கப்போய், அது செடி என்று கண்டார். அறிவியலுக்கு லித்தாப்ஸ் தெரியவந்தது அப்படித்தான். 1922-இல் லண்டன் கியூ தோட்டத்தைச் சேர்ந்த என். இ. பிரவுன் இதைத் தனிப் பேரினமாக்கினார். தாவரக் குடும்பம் ஐசோயேசி. மழை பெய்த மறுவாரம் நம் தோட்டத்தில் களையாக மண்டுகிறதே சாரணை, அதுவும் இதே குடும்பம்தான். நம்பக் கஷ்டமாக இருந்தாலும் உண்மை.

நாம் பார்ப்பது செடியின் தலையை மட்டும். இலையின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். அப்படியானால் வெயில் எப்படி உள்ளே போகும்? செத்துப்போன செடி ஒன்று கையில் கிடைத்தால், அழுகாமலும் சதை காய்ந்துபோகாமலும் இருப்பதாகப் பார்த்து, பிளேடால் மேலிருந்து கீழாக நறுக்கிப் பாருங்கள். உள்ளே நுங்குச் சுளை போலக் கண்ணாடியான சதை இருக்கும். பச்சை நிறம் நடுவில் இருக்காது, ஓரச் சுவரை ஒட்டி மெல்லிய பட்டையாக, மண்ணுக்குக் கீழே இருக்கும் பகுதியிலும் ஓடும். இலையின் உச்சி ஒரு சன்னல். புள்ளியும் கோடுமாக நாம் ரசிக்கும் அந்த வடிவங்கள் சன்னலின் திறந்த பகுதியும் மூடிய பகுதியும்தான். அதன் வழியே இறங்கும் வெளிச்சம், கண்ணாடிச் சதைக்குள் பரவி, சுவரில் இருக்கும் பச்சையத்துக்குப் போய்ச் சேர்கிறது. உடம்பை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு வெயிலை மட்டும் உள்ளே வரவழைக்கும் ஏற்பாடு.

இரண்டாவது ஏற்பாடு மூச்சு விடுவதில். சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை எடுக்கும், அப்போது தண்ணீரும் ஆவியாகிப் போகும். லித்தாப்ஸ் இரவில் திறக்கும். கரியமில வாயுவை இரவில் எடுத்து அமிலமாகச் சேர்த்து வைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதை வைத்தே உணவு தயாரிக்கும். கற்றாழையும் அன்னாசியும் செய்வது இதைத்தான். இந்த இரவு வேலைக்கு இரவு குளிர்ந்திருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம்மூர்ச் சிக்கலில் பாதி இங்கேதான் இருக்கிறது.

பழைய இலை, புது இலை

இனி அந்த வருஷக் கணக்கு. லித்தாப்ஸுக்கு ஒரு நேரத்தில் ஒரு ஜோடி இலைதான். ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஜோடி போய், அதற்குள்ளிருந்து புது ஜோடி வரும். மற்ற செடிகள் புது இலை விட வேர் வழியே தண்ணீர் கேட்கும். இது கேட்காது. பழைய இலைகளில் சேர்த்து வைத்திருக்கும் தண்ணீரையும் சத்தையும் புது ஜோடி உள்ளிருந்தபடியே உறிஞ்சிக்கொள்ளும்.

வெளியிலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் நடுப்பிளவு சற்று விரியும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே புது இலையின் தலை, வேறு திசைக்குத் திரும்பிய பிளவோடு தெரியும். சில வாரங்களில் பழைய இலைகள் இரு பக்கமும் சாய ஆரம்பிக்கும். விரலால் அழுத்தினால் தொளதொள என்று இருக்கும். ஓரத்தில் சுருக்கம் விழும், நிறம் மங்கும். உள்ளே இருப்பதோ நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு வரும். கடைசியில் பழைய ஜோடி காய்ந்து, வெங்காயச் சருகாக மெலிந்து, புது ஜோடியின் அடியில் ஒட்டிக் கிடக்கும். இதற்கு மூன்று நான்கு மாதங்கள் பிடிக்கும்.

இந்த மூன்று நான்கு மாதமும் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. இங்கேதான் ஆட்கள் தவறுகிறார்கள். செடி சுருங்குகிறது, தொட்டால் மெத்தென்று இருக்கிறது. வீட்டில் ஆச்சி இருந்தால், "ஏல, இப்படி வாடிப்போய்க் கெடக்கே, ஒரு கை தண்ணி ஊத்துனா கொறஞ்சா போயிருவ?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். நாம் இல்லாத நேரம் பார்த்து ஊற்றியும் வைப்பார். ஊற்றினால் என்ன ஆகும்? தண்ணீர் வேர் வழியே பழைய இலைக்கே போகும். சாக வேண்டிய இலை மறுபடி உப்பும். புது இலைக்கு உள்ளே நெருக்கடி, சத்தும் வந்து சேராது. நல்லவேளை என்றால் பழசும் புதுசும் அடுக்கடுக்காக நின்று செடி கோணலாகும். இல்லையென்றால் பழைய இலை அழுகி, அந்த அழுகல் புதியதற்கும் தொற்றி, ஒரே வாரத்தில் மொத்தமும் கூழாகிவிடும். ஆச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. வாடினால் தண்ணீர் ஊற்று என்பதுதானே தலைமுறை தலைமுறையாக வந்த பாடம்.

பழைய இலை முழுக்கச் சருகான பிறகே முதல் தண்ணீர். சந்தேகம் வந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். தண்ணீர் இல்லாமல் லித்தாப்ஸ் சாக மாதக்கணக்காகும். தண்ணீரால் சாக மூன்று நாள் போதும்.

நம்மூர் மாதங்களில்

இணையத்தில் கிடைக்கும் தண்ணீர் அட்டவணைகளை அப்படியே பின்பற்றாதீர்கள். தென்னாப்பிரிக்கர் எழுதியதில் மாதங்கள் தலைகீழாக இருக்கும், அவர்களுடைய இலையுதிர்காலம் மார்ச் முதல் மே வரை. இங்கிலாந்துக்காரர் எழுதியது உறைபனிக்குப் பயந்து செடியை வீட்டுக்குள் வைப்பவருடைய கணக்கு. நமக்கோ மார்கழி இரவில் 22 டிகிரிக்கு வந்தாலே மப்ளர் தேட வேண்டியிருக்கிறது. நம்மூர் அட்சரேகைக் கணக்கில் பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது பாகைகூடத் தள்ளி இல்லை. பகல் நீளம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே செடி பருவத்தைக் கண்டுகொள்வது பெரும்பாலும் இரவு வெப்பத்தையும் ஈரத்தையும் வைத்துத்தான்.

வளரும் காலம் புரட்டாசி, ஐப்பசி. இரவுகள் மெல்லக் குளிர ஆரம்பிக்கும்போது செடி விழித்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டியின் அடித்துளை வழியே ஒழுகும்வரை ஊற்றி, பிறகு மண் அடிவரை காயும்வரை தொடாமல் விடலாம். தினம் ஒரு மூடி தண்ணீர் தெளிப்பது மிக மோசமான பழக்கம். மேல்மண் ஈரமாகும், வேருக்கு ஒன்றும் போய்ச் சேராது. மூன்று வயது தாண்டிய செடி இந்தக் காலத்தில்தான் பூக்கும். பிளவுக்குள்ளிருந்து மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு பூ, செடியையே மூடும் அளவுக்குப் பெரிதாக. பிற்பகலில் விரிந்து சாயங்காலம் மூடிக்கொள்ளும், மறுநாள் மறுபடி விரியும். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

சிக்கல் என்னவென்றால், செடி தண்ணீர் கேட்கும் இதே மாதங்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. அதன் ஊரில் பல இடங்களில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே 500 மில்லிமீட்டருக்குக் குறைவு. நம்மூர் ஐப்பசி அடைமழைக்கு அளவு தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது 95 சென்டிமீட்டர். லித்தாப்ஸின் ஊருக்கு அது இரண்டு மூன்று ஆண்டு மழை. ஆக, கூரை கட்டாயம். நிழல் வலை மழையைத் தடுக்காது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே பாலிகார்பனேட் ஷீட் அல்லது கண்ணாடி, நான்கு பக்கமும் திறந்த காற்று. அறை மாதிரி அடைத்துவிட்டால் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கார்த்திகை நடுவில் பூ முடிந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். மார்கழி, தை, மாசி முழுக்க இலை மாறும் காலம். பங்குனியில் பெரும்பாலான செடிகள் புது இலையோடு நிற்கும். அப்போது ஒரு நல்ல தண்ணீர், சித்திரைக்கு முன் வேண்டுமானால் இன்னொன்று.

அப்புறம் கோடை. பாளையங்கோட்டையில் பகல் 38 டிகிரி என்பது இந்தச் செடிக்குப் பெரிய விஷயமில்லை, அதன் ஊரிலும் வெயில் சுடும். அங்கே ராத்திரி குளிரும், இங்கே குளிராது, அதுதான் வித்தியாசம். அக்கினி நட்சத்திர நாட்களில் நடுஇரவிலும் மொட்டைமாடித் தளம் சுட்டுக்கொண்டிருக்கும். இரவு வெக்கையில் இலைத்துளை திறக்காது, உணவு வேலை நின்றுபோகும், செடி உறங்கப் போகும். உறங்கும் செடிக்கு ஊற்றும் தண்ணீரை வேர் எடுக்காது. சூடான ஈர மண்ணில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வைகாசி முதல் ஆவணி வரை, பக்கவாட்டில் ஆழமான சுருக்கம் விழுந்தால் மட்டும், மாலை வெயில் தாழ்ந்த பிறகு, தொட்டி ஓரமாகக் கொஞ்சம் ஊற்றலாம். தொட்டிகளைத் தளத்தில் வைக்காமல் பெஞ்சிலோ இரும்பு ஸ்டாண்டிலோ தூக்கி வையுங்கள். கிழக்கு வெயில் நான்கைந்து மணி நேரம் பட்டு, பதினொரு மணிக்கு மேல் 50 சதவீத நிழல் வலைக்குக் கீழே வருகிற இடம் கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்.

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆட்களுக்கு மட்டும் ஒரு தனிச் சேதி. ஆனி, ஆடியில் பாளையங்கோட்டைக்கு வருவது வறட்டுக் காற்று, அதில் மண் ஒரே நாளில் காயும். அதே காற்று உங்களுக்குச் சாரலாக விழுகிறது. செடி உறங்கும் மாதத்தில் இடைவிடாத ஈரக்காற்று என்பது அடைமழையைவிட ஆபத்து. ஆண்டுக்கு இரண்டு முறை நீங்கள் செடியைக் கூரைக்குள் ஒதுக்க வேண்டும். அறுபது கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரே செடிக்கு இரண்டு கணக்கு!

மண்ணும் தொட்டியும்

நர்சரியிலிருந்து வரும் செடி பெரும்பாலும் கோகோபீட்டில், அதாவது தென்னை நார்த்தூளில் இருக்கும். வந்த அன்றே உதறி எடுத்துவிடுங்கள். காய்ந்தால் தண்ணீரை ஏற்காது, நனைந்தால் விடாது. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பருத்திக்கு அமிர்தம், லித்தாப்ஸுக்கு எமன். தேரிச் செம்மணல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மிக நைசானது. தொட்டிக்குள் இறுகிக் காற்றோட்டத்தை அடைத்துவிடும்.

வேண்டியது பருக்கை. உடைத்த செங்கலைச் சல்லடையில் சலித்து, பட்டாணி அளவுக்கு மேலானதையும் தூளையும் தள்ளிவிட்டு, நடுவில் கிடைக்கும் 2 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகளை எடுங்கள். எம்-சாண்ட் கிடைத்தால் நன்றாக அலசி, பாறைத்தூள் போகும்வரை கழுவுங்கள். பியூமிஸ், பெர்லைட் வாங்க முடிந்தால் சேர்க்கலாம். இந்தப் பருக்கை முக்கால் பங்குக்கு மேல், மீதி சலித்த செம்மண்ணோ மட்கிய இலை உரமோ. உரம் கூடினால் செடி ஊதிப்போய் வெடிக்கும். நிஜமாகவே வெடிக்கும், இலையின் ஓரத்தில் கிழிசல் விழும். அந்தத் தழும்பு அடுத்த இலை மாற்றம்வரை போகாது.

தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது முக்கியம். ஆணிவேர் நீளமாக இறங்கும், நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் வேண்டும். காருக்குறிச்சிப் பக்கம் போகிறவர்கள் சின்ன மண்தொட்டிகளாகப் பார்த்து வாங்கி வரலாம். அடைமழை மாதத்தின் ஈரப்பதத்தில் மண்தொட்டி சீக்கிரம் காயும், அது பெரிய உதவி. மேலே கூழாங்கல் பரப்புவது அழகுக்கு மட்டுமில்லை, செடியின் கழுத்தை உலர்வாக வைக்கும்.

வெளிச்சம் போதாவிட்டால் செடி மேல்நோக்கி நீண்டுகொண்டே போகும். தரைமட்டக் கல்லாக இருக்க வேண்டியது விரல் உயரம் நின்றால் இடத்தை மாற்றச் சொல்கிறது என்று அர்த்தம். ஒரேயடியாக வெயிலில் தூக்கி வைக்காதீர்கள், தலை வெந்துபோகும். இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். மாவுப்பூச்சி பிளவுக்குள்ளும் வேரிலும் ஒளியும். காட்டன் பட்ஸில் சானிடைசர் திரவம் தொட்டுத் துடைத்தால் போகும். வேப்பெண்ணெய் அடித்து வெயிலில் வைப்பது வேண்டாம். இதையெல்லாம்விடக் கிராமத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய எதிரி மயில். சதைப்பற்றுள்ள எதையும் கொத்திப் பார்க்காமல் விடாது. கோழி வலை போடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எதில் தொடங்குவது

லித்தாப்ஸிலேயே லெஸ்லியை, ஆகாம்பியை, சாலிகோலா ஆகியவை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் இனங்கள். ஆப்டிகா என்ற இனத்தை, அதிலும் ரூப்ரா என்ற சிவப்பு வகையைப் படத்தில் பார்த்தால் ஆசை வரும். நமீபியக் கடலோர மூடுபனிக்குப் பழகிய செடி அது, முதல் வருஷமே வாங்க வேண்டாம். அதேபோல கோனோஃபைட்டம் என்ற உறவுச் செடியும். குளிர்காலத்தில் வளர்ந்து கோடை முழுக்க உறங்கும் அதற்கு நம்மூர் வெக்கை ஆகவே ஆகாது. தென்னாப்பிரிக்காவில் அதைக் காட்டிலிருந்து திருட்டுத்தனமாகப் பிடுங்கி விற்பதும் பெரிய அளவில் நடக்கிறது. விதையிலிருந்து வளர்த்தது என்று உறுதியாகத் தெரியாமல் வாங்காதீர்கள்.

லித்தாப்ஸுக்குப் பதில் வேறு செடி என்றால், ஹவோர்த்தியாவில் ட்ரங்கேட்டா, கூப்பரி என்ற வகைகளுக்கும் இலை உச்சியில் சன்னல் உண்டு. நேர்வெயில் இல்லாத திண்ணையிலும் வளரும், தண்ணீர் விஷயத்தில் இவ்வளவு கறார் கிடையாது. சன்னல் இலை வேண்டும், ஆனால் ஆச்சியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருப்பார் என்றால் இதுதான் சரி. பிளியோஸ்பிலோஸ் நெலியை, பிளந்த பாறை மாதிரி தடித்த செடி, லித்தாப்ஸின் சொந்தக்காரர். ஆனால் அதற்கு இரண்டு ஜோடி இலை ஒரே நேரத்தில் இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். யூஃபோர்பியா ஒபீசா உருண்டையாகப் பந்து வடிவில் இருக்கும், நம் சதுரக்கள்ளிக்குப் பங்காளி, வெட்டினால் அதே பால் வரும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டபீலியா கள்ளிமுளையான் வகையறா. பெரிய நட்சத்திரப் பூ, செத்த எலி வாடை. ஈ வந்து மொய்த்து முட்டையே இடும், வாசலில் வைத்தால் விருந்தாளி வரமாட்டார். அடீனியம் பற்றி எழுத ஒன்றுமில்லை. நெல்லை வெயில் அதற்கென்றே அடிக்கிறது.

விதை வாங்குகிறவர்கள் ஜாக்கிரதை. நீலம், வானவில் நிறம் என்று படம் போட்டு விற்பதெல்லாம் ஏமாற்று, நீல லித்தாப்ஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. நல்ல விற்பனையாளர் இனப்பெயரோடு, பல சமயம் "சி" என்று தொடங்கும் ஓர் எண்ணும் தருவார். அது டெஸ்மண்ட் கோல் என்பவர் போட்ட எண், விதையின் மூலச்செடி எந்த இடத்தில் கிடைத்தது என்பதற்கான அடையாளம். அவருடைய தொழில் ஆப்பிரிக்க மொழிகளைக் கற்பிக்கும் பேராசிரியர் வேலை. மனைவி நவ்ரீனோடு சேர்ந்து பல்லாண்டுகள் லித்தாப்ஸ் தேடி அலைந்தவர்.

விதை மிளகாய்த்தூளைவிடப் பொடியாக இருக்கும். விதைக்க நம்மூரில் மார்கழி, தை நல்ல மாதம். சலித்த பருக்கைக் கலவையில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, விதையைத் தூவி, மேலே மண் மூடாமல் பாலித்தீன் கவரால் மட்டும் மூடி நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். குஞ்சுச் செடிக்கு மேலே சொன்ன பட்டினிக் கணக்கு பொருந்தாது, முதல் வருஷம் மண் முழுக்கக் காயவிடக் கூடாது. சொந்தமாக விதை எடுக்க வேண்டுமென்றால் ஒரே இனத்தில் இரண்டு வெவ்வேறு செடிகள் ஒரே வாரத்தில் பூக்க வேண்டும், தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. மெல்லிய பிரஷால் இதிலிருந்து அதற்குத் தடவிவிடலாம். காய் முற்றிக் காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கண்முன்னே மடல் மடலாகத் திறக்கும். காட்டில் மழைத்துளி அடித்து விதையைச் சிதறடிப்பது அப்படித்தான். வீட்டில் ஒரு கிண்ணத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு செய்யுங்கள், தரையில் சிந்தினால் பொறுக்க முடியாது.